முகம் பார்த்து எழுதிய பரீட்சை

பக்கத்து வீட்டுத் தம்பியின் சட்டையில் உப்பு இல்லை என்பதை முதலில் பார்த்தவள் நான்தான். பெருமைக்காகச் சொல்லவில்லை. மொட்டை மாடியில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கொடி. கொடியில் எந்தத் துணி எந்த லட்சணத்தில் தொங்குகிறது என்று பார்க்காமல் இருக்க நான் என்ன துறவியா? தையல்காரி. துணியைப் பார்க்காதே என்று என்னிடம் சொன்னால் கண்ணை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அவன் பெரிய சலவை ஆலையில் பாய்லர் பார்க்கிறவன். சுற்றுவட்டாரத்து ஆஸ்பத்திரிகள், விடுதிகள் எல்லாவற்றின் படுக்கை விரிப்பும் துண்டும் மூட்டை மூட்டையாக அங்கேதான் வந்து இறங்கும். பிரித்து, துவைத்து, பெரிய உருளைகளுக்கு இடையில் விட்டுத் தேய்த்து, மடித்து, மறுபடி வண்டியில் ஏற்றுவார்கள். அத்தனைக்கும் நீராவி வேண்டும். நீராவிக்குக் காவல் இவன். வேலை முடிந்து வந்ததும் சட்டையைக் கழற்றி, வியர்வை காயட்டும் என்று கொடியில் போட்டுவிடுவான். சோப்புப் போடுவது மறுநாள் காலையில்தான். காய்ந்த சட்டையின் முதுகில் வெள்ளைக் கோடாக உப்பு வளைந்து வளைந்து ஓடும். அதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனப்பாடமே ஆகியிருந்தது.

அந்த வாரம் சட்டை வெறுமனே தொங்கியது. கிட்டப் போய் மோந்து பார்த்தேன். ஆமாம், மோந்துதான் பார்த்தேன், அதற்கென்ன இப்போது? ஃபினாயில் வாடை அடித்தது. அதற்கு அடியில் வேறு ஏதோ புளித்த வாடை.

அந்த நாட்களும் ஒரு மாதிரியான நாட்கள். மேகம் திரண்டு வரும், வீடெல்லாம் இருட்டும், காற்று கதவு ஜன்னலைப் போட்டு அறையும், மழை மட்டும் வராது. துணியும் காயாது. ஆளாளுக்கு எரிந்து விழுந்துகொண்டிருந்தோம். இவன் மட்டும் யாரிடமும் எரிந்து விழவில்லை. அதற்குப் பதிலாக வேறொன்று செய்தான். காலையில் வேலைக்குக் கிளம்பிப் பாதிப் படி இறங்குவான். திரும்ப ஏறி வந்து கதவைத் திறந்து அடுப்புக் குமிழைத் தொட்டுப் பார்ப்பான். இறங்குவான். மறுபடி ஏறி வருவான். என் தையல் மிஷின் படிக்கட்டு ஜன்னலோரம் இருக்கிறது. தினம் இந்த ஏற்ற இறக்கத்தைப் பார்த்துப் பார்த்து என் கால் மிதியில் நிற்காமல் போனது.

"என்ன தம்பி, மறதியா?" என்று கேட்டேன்.

"கேஸ் மூடினேனான்னு ஒரு சந்தேகம்க்கா."

"இப்பதான பாத்துட்டுப் போன?"

"பாத்தேன். சரியாப் பாத்தேனான்னு தெரியல" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

அவன் பெண்டாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் கம்ப்யூட்டரில் பாடம் செய்கிற கம்பெனியில் வேலை பார்த்தாள். சொல்லிக்கொடுக்கிறவள் இல்லை, பாடம் உட்காருகிற இடத்தைக் கட்டுகிறவள். எந்தப் பக்கத்தில் படம், எங்கே எழுத்து, எதை அழுத்தினால் எது திறக்கும் என்று முடிவு செய்வதுதான் அவள் வேலை. குடிவந்த புதிதில் "இன்னைக்குப் பூராவும் ஒரு பட்டனோட மல்லுக்கட்டுனேன்க்கா" என்று அவள் சொன்னபோது, எந்தத் துணிக்கு என்று நான் கேட்டேன். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம்.

அவளுக்கு ஒரே மந்திரம்தான். "படிக்கிற ஆளு முட்டாளே கிடையாதுக்கா. ஒருத்தர் தடுமாறுனா தப்பு நாம கட்டுன பக்கத்து மேல. ஆள் மேல இல்ல." இதைச் சோறு வடிக்கும்போதும் சொல்வாள், துணி காயப்போடும்போதும் சொல்வாள்.

சலவை ஆலையில் வருஷத்துக்கு ஒருமுறை பாதுகாப்புப் பரீட்சை உண்டு. முன்பெல்லாம் ஓர் அதிகாரி வந்து வாய்க்கேள்வி கேட்டுவிட்டுப் போவாராம். இந்த வருஷத்திலிருந்து பாடமும் பரீட்சையும் கம்ப்யூட்டரில் என்று ஆக்கிவிட்டார்கள். அந்த வேலை இவள் கம்பெனிக்கே வந்து, இவள் கைக்கே வந்து சேர்ந்தது. அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

"ஒவ்வொருத்தரும் படிக்கப்போற ஆளைத் தேடி ஊரெல்லாம் அலையுறாங்க. என் ஆளு என் வீட்டுலயே சாப்பிட்டுத் தூங்குறாரு. இதுக்கு மேல என்னக்கா வேணும்?"

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து அவனை உட்கார வைப்பாள். தான் மேஜை மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். எத்தனையோ நாள் நானும் போய் உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் ஒன்றும் உருப்படியாக ஓடாத காலம்.

"நான் வாயே தொறக்க மாட்டேன். தொறக்கவும் கூடாது, அதான் முறை" என்பாள். சொன்னபடியே திறக்க மாட்டாள். ஆனால் சும்மாவும் இருக்க மாட்டாள். காதுத் தோட்டைப் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பாள். அவன் திரையைப் பார்ப்பான், அவளைப் பார்ப்பான், பிறகு அழுத்துவான். திரும்பவும் அவளைப் பார்ப்பான். கல்யாணமாகி இத்தனை வருஷமாகியும் பார்வை போகிற போக்கைப் பாரேன் என்று நான்தான் வெட்கப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

கடைசியில் அவள் கேட்பாள். "எப்படி இருக்கு? உண்மையச் சொல்லணும்."

அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொல்வான். "சூப்பரா இருக்கும்மா. சின்னக் குழந்தகூட பண்ணிடும்."

ஒரு தப்பு இல்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு தப்புகூட இல்லை. பாடத்தை ஆலைக்குக் கைமாற்றிக் கொடுத்துவிட்டு அவள் அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். ஆலையில் பரீட்சை நடந்த அன்று அவன் ஐஸ்க்ரீம் வாங்கிவந்தான். எனக்கும் ஒரு கப். "முடிச்சிட்டேன்க்கா, ஒண்ணுமே கஷ்டமில்ல" என்றான். நானும் நக்கி நக்கிச் சாப்பிட்டேன். இப்போது நினைத்தால் நாக்கு கூசுகிறது.

உப்பில்லாத சட்டையைப் பார்த்த மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ, ஆலையில் உருளைக்கு விரிப்பு ஊட்டுகிற பெண் என்னிடம் வந்தாள். பல வருஷமாக என்னிடம்தான் தைக்கிறாள். கையில் தடித்த வெள்ளைக் கோட்டு ஒன்று. முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை மூடுகிற கோட்டு.

"இதக் கொஞ்சம் உள்ள பிடிச்சுக் குடுங்கக்கா. தொளதொளன்னு கெடக்கு."

"இது பிரிக்கிற பக்கத்துக் கோட்டாச்சே. உனக்கெதுக்கு?"

"இனிமே எனக்கு அங்கதான். பரீட்சையில போயிட்டேன்." கோட்டை மிஷின் மேல் போட்டாள். "உருளைக்கிட்ட நிக்கத் தகுதி இல்லையாம். பிரிக்கிற பக்கம் போட்டுட்டாங்க. அய்யோ, அத ஏன் கேக்குறீங்க. ஆஸ்பத்திரி மூட்டைய அவுத்தா ரத்தம், சீழு, வாந்தி. நேத்து ஒரு தலகாணி உறைக்குள்ள பல்லு செட்டு கெடந்துச்சு. சிரிக்கிறதா அழுறதான்னே தெரியல."

"திரும்ப எழுத முடியாதா?"

"ரெண்டு தடவ விட்டாங்க. ரெண்டும் போச்சு. மாசக் கடைசியில ஆர்டர் போட்டுட்டா நிரந்தரமா அங்கதான். சம்பளமும் கம்மி. கேள்வி என்னமோ தெரிஞ்ச கேள்விதான்க்கா. எல்லாத்துக்கும் போட்டுட்டு உக்காந்திருந்தேன். யாருமே வரல. பாத்தா தேர்ச்சி இல்லன்னு வந்து நிக்குது. சின்ன வயசுக்காரங்க பொசுக்கு பொசுக்குன்னு முடிச்சிட்டு வெளிய போயிட்டாங்க. எங்க மண்டையிலதான் களிமண்ணு போல." கோட்டைத் திருப்பித் தோளைக் காட்டினாள். "உங்க பக்கத்து வீட்டுத் தம்பிக்கும் ஒரு கோட்டு குடுத்திருக்காங்க. அவருக்குக் கை எட்டல. அவரையும் தச்சிக்கச் சொல்லுங்க."

என் கையிலிருந்த அளவு நாடா கீழே விழுந்தது.

எனக்கு வாய் நிற்காது என்பது ஊரறிந்த விஷயம். சாயங்காலம் தம்பியின் பெண்டாட்டி பையும் குடையுமாகப் படியேறி வரும்போது ஜன்னல் வழியாகவே கேட்டுவிட்டேன். "ஏண்டி, உன் வீட்டுக்காரர் பிரிக்கிற பக்கத்துல என்ன பண்றாரு?"

"பிரிக்கிற பக்கமா? அவர் எதுக்கு அங்க போறாரு?"

"பரீட்சையில போயிட்டவங்களை அங்க போட்டிருக்காங்களாம்."

"அவர்தான் முடிச்சிட்டாரே. ஐஸ்க்ரீம்கூட…" என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். குடையை என் கையில் கொடுத்துவிட்டு நேரே மாடிக்கு ஏறிப் போனாள். திரும்பி வரும்போது கையில் அவன் சட்டை இருந்தது.

அவன் வந்தபோது அவர்கள் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. நான் குடையைக் கொடுக்கப் போனவள் அங்கேயே நின்றுவிட்டேன். போயிருக்க வேண்டும். போகவில்லை.

"பாய்லர் எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"அதுக்கென்ன, நல்லா இருக்கு."

"இப்ப யாரு பாக்குறா?"

அவன் அடுப்புக்குப் போய்க் குமிழைத் தொட்டுப் பார்த்தான். அது மூடித்தான் இருந்தது.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னும்மா சொல்றது? நீ செஞ்ச பாடத்துல நானே போயிட்டேன்னு சொல்லவா? எத்தன நாள் அதுகூட கிடந்த." நின்றபடியே பேசினான், ஆனால் ஓர் இடத்தில் நிற்கவில்லை. அடுப்படிக்கும் மேஜைக்கும் நடந்தான். "அது போகட்டும். சம்பளம்கூட போகட்டும். கண்ணாடிக் குழாயில தண்ணி மட்டம் தெரியல, மொதல்ல என்ன செய்வ? இதான் கேள்வி. தீய நிறுத்துவேன். தண்ணி விட மாட்டேன். காஞ்சு கெடக்குற பாய்லர்ல பச்சத்தண்ணி விட்டா வெடிச்சிடும். இத்தன வருஷமா அப்படித்தான் நெனச்சுக்கிட்டு நிக்கிறேன். அதையேதான் போட்டேன். தேர்ச்சி இல்லங்குது. ரெண்டாவது தடவையும் அதையேதான் போட்டேன். அப்பவும் இல்லங்குது. அப்ப நான் தெரிஞ்சு வச்சிருக்கறதே தப்பா? அது இதுவரைக்கும் வெடிக்காதது ஏதோ நம்ம நல்ல நேரமா? இந்தக் கையாலதான இந்த அடுப்பையும் மூடுறேன்? சொல்லு."

இந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் இதுதானா காரணம்?

"இப்ப அங்க ஒரு புது ஆள நிறுத்தியிருக்காங்க. தேர்ச்சி ஆனவன். நான் இந்தப் பக்கம் நின்னு விரிப்பப் பிரிக்கிறேன், காது மட்டும் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. பம்பு சத்தம் மாறுனா தூக்கிப் போடுது."

"வீட்டுல எத்தன தடவ பண்ணீங்க? ஒரு தப்பு உண்டா?"

"வீட்டுல நீ இருந்த."

"நான் வாயே தொறக்கலையே!"

"வாய எதுக்குத் தொறக்கணும்? தப்பான பக்கம் கை போனா தோட்டப் புடிச்சித் திருகுவ. சரியாப் போனா மூச்சு விடுவ. நாள் பூரா ஒரு முள்ளப் பாத்துக்கிட்டு நிக்கிறதும்மா என் வேலை. முள்ளு லேசா நடுங்குனா எனக்குத் தெரியாதா?"

அவள் கை தானாகத் தோட்டுக்குப் போனது. பாதியில் நின்றது. பிறகு இரண்டு தோட்டையும் கழற்றி மேஜையில் வைத்தாள். அவள் முகத்தில் கோபமா வெட்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, இரண்டும்தான் இருந்தது.

"அப்ப சூப்பரா இருக்குன்னு சொன்னதெல்லாம்?"

"உன் மூஞ்சி விழுந்துடக் கூடாதுன்னு சொன்னது."

அவள் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்தாள். "உக்காருங்க. இப்ப பண்ணுங்க. நான் இங்க இருக்கப் போறதில்ல. மனசுல என்ன ஓடுதோ அத வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே பண்ணணும். அக்கா, நீங்க பக்கத்துல இருங்க. ஆனா ஒரு வார்த்த பேசக் கூடாது." சொல்லிவிட்டு என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

என்னைப் பேசாதே என்பது அடுப்பைப் புகையாதே என்பது போலத்தான். வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருக்கும்போது மட்டும்தான் எனக்குப் பேச்சு வராது. ரவிக்கையில் குத்தியிருந்த இரண்டை எடுத்துக் கவ்விக்கொண்டேன்.

அவன் ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்து, வாய்விட்டே பதில் சொல்லி, அழுத்திக்கொண்டு போனான். "வால்வத் தொறக்கறதுக்கு முன்னாடி யாரு நிக்கிறாங்கன்னு பாக்கணும், இது. இது. கையுறை, ஆமா." எங்கும் தடுமாற்றம் இல்லை. கடைசிக் கேள்வியும் முடிந்தது. ஒரு பக்கம் வந்தது. நடுவில் நன்றி என்று எழுதி, கீழே ஒரு பெரிய சிவப்பு வட்டம். மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது.

அவன் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான்.

நானும் காத்திருந்தேன். காற்று ஜன்னலை ஒருமுறை அறைந்தது. அவன் எழுந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தான்.

"அவ்வளவுதான்க்கா. முடிஞ்சிடுச்சு. இனிமே சூப்பர்வைசர் வந்து பாப்பாரு."

நான் வாயைத் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை. ஆனால் என் கண் அந்தச் சிவப்புக்குப் போய்விட்டது. அவன் அதையும் பார்த்துவிட்டான்.

"அதுவா? அது நமக்கில்லக்கா. அது நிறுத்துறது."

ஊசியைக் கவ்விக்கொண்டே ஓடிப்போய் என் வீட்டுக் கதவை இடித்தேன். அவள் வந்து பார்த்தபோது கடிகாரத்தில் நேரம் தீர்ந்து, திரையில் தேர்ச்சி பெறவில்லை என்று வந்திருந்தது.

விஷயம் இவ்வளவுதான். அந்தச் சிவப்பு வட்டத்தை அழுத்தினால்தான் எழுதின பரீட்சை போய்ச் சேரும். ஆலையில் ஒவ்வொரு மிஷினிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புக் குமிழ் ஒன்று இருக்கும். ஆபத்து என்றால் அதை அடிக்கலாம். மற்ற நேரத்தில் சூப்பர்வைசர் தவிர யாரும் தொடக் கூடாது. அடித்தால் வரிசை மொத்தமும் நின்றுவிடும். ஒருமுறை ஒரு தொழிலாளி தெரியாமல் இடுப்பால் இடித்துவிட்டார். உருளைக்குள் இருந்த விரிப்பெல்லாம் கருகி, அன்றைய சம்பளத்தில் கைவைத்து, மனுஷனுக்கு 'இடுப்பு' என்றே பேர் விழுந்து இன்றைக்கும் அந்தப் பேர்தான். அவர் மகள் கல்யாணத்தில்கூட இடுப்பு வீட்டுக் கல்யாணம் என்றுதான் சொன்னார்களாம். வருஷக்கணக்காக அங்கே நின்றவர்களுக்குச் சிவப்பைப் பார்த்தால் கை தானாகப் பின்னால் போய்விடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை, யோசிக்காமல் அமுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"ஆலை வண்டியெல்லாம் சிவப்பு. அவங்க கலருன்னு போட்டேன்" என்றாள் அவள், தரையில் உட்கார்ந்தபடி. "யாரு கண்ணுக்கும் தப்பாதுன்னு அவ்வளவு பெருசாப் போட்டேன்."

"தப்பலம்மா. நல்லாத்தான் தெரிஞ்சுது."

"வீட்டுல மட்டும் எப்படி அழுத்துனீங்க?"

"கடைசியில நீ முன்னாடி சாஞ்சி அதையே பாத்துக்கிட்டு இருப்ப."

அவள் எழுந்து கம்ப்யூட்டரை இழுத்துக்கொண்டாள். ஆலையில் எழுதின பதில்களை உள்ளே போய்ப் பார்க்க அவளுக்கு வழி இருந்தது. எதையெதையோ திறந்தாள். அவன் சட்டைப் பையில் தைத்திருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்துத் தட்டினாள்.

"எல்லாம் சரிங்க."

"என்ன சரி?"

"ரெண்டு தடவையும் எல்லா பதிலும் சரி. நீங்க போகவே இல்ல. கடைசியா அத அழுத்திக் குடுக்கல, அவ்வளவுதான். நேரம் முடிஞ்சதும் அதுவா தேர்ச்சி இல்லன்னு போட்டுடுச்சு."

"எல்லாமா?"

"தண்ணிக் கேள்வியும்தான்."

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். கை எட்டாத அந்த வெள்ளைக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. அதை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். சத்தமாகத்தான் அழுதான். "அப்ப சரியாத்தான் பண்ணிக்கிட்டு இருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். எனக்கும் அழுகை வந்தது. ஊசியை எடுத்துத் திரும்ப ரவிக்கையில் குத்திக்கொண்டேன்.

அழுது முடித்ததும் சண்டை ஆரம்பித்தது.

"நாளைக்குப் போய்ச் சொல்லிடுறேன்" என்றாள் அவள்.

"என்னன்னு?"

"தப்பு எம்மேலன்னு. தொழிலாளிங்கள வச்சுச் சோதிச்சாச்சுன்னு எழுதிக் குடுத்திருக்கேன். யாருன்னு கேப்பாங்க. வீட்டுக்காரருன்னு சொன்னா முடிஞ்சுது."

"அப்ப சொல்லாத. உன் பேரு கெட்டுடும். எனக்குத் தெரிஞ்சிடுச்சுல்ல, நான் தப்பா பண்ணலன்னு? போதும். மூட்ட பிரிச்சா ஒண்ணும் செத்துட மாட்டேன்."

"உங்களுக்குப் போதும். அந்த உருளைக்கார அக்காவுக்கு? அவங்க மண்டையில களிமண்ணுன்னு நெனச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"அவங்களுக்கு நான் சொல்லிக்கிறேன்."

"சொன்னா? வாய்ப்பு முடிஞ்சு போச்சே. மொத்தத்தையும் ரத்து பண்ணாதான் திரும்ப எழுத விடுவாங்க. நான் சொன்னாதான் ரத்து பண்ணுவாங்க."

"வேலைய விட்டே தூக்கிட்டா?"

"தூக்கட்டும். அந்தப் புது ஆளு ஒரு நாள் தண்ணி விட்டுட்டா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் என்னத்தைச் சொல்ல? "சோறு ஆறுது, சாப்பிடுங்க" என்றேன். யாரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவள் ஆபீசுக்குப் போய்விட்டு மத்தியானமே திரும்பி வந்தாள். அவள் வீட்டுக்குப் போகாமல் என் மிஷினுக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். நான் உருளைக்காரியின் கோட்டை உள்ளே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தேன்.

"மேனேஜர் சிரிச்சாருக்கா. திட்டியிருந்தாகூட பரவால்ல. தொழிலாளர்கள்னு எழுதியிருக்கியே, எத்தன பேருன்னாரு. ஒருத்தர்னேன். யாருன்னாரு. என் வீட்டுக்காரர்னேன். நீ எங்க இருந்தன்னாரு. பக்கத்துல இருந்தேன்னேன். சிரிச்சிட்டாரு. அப்புறம் கதவச் சாத்திக்கிட்டு ஆலைக்குப் போன் போட்டாரு. ரொம்ப நேரம் பேசுனாரு."

"வேலை?"

"இருக்கு. ஆனா பாடம் கட்டுற வேலை இனிமே எனக்கில்ல. வீடியோவுக்கு அடியில எழுத்துப் போடுற மேஜைக்கு மாத்திட்டாங்க. நானும் பிரிக்கிற பக்கம் போயிட்டேன்க்கா." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "என் பக்கத்த வேற ஒருத்தி சரிபண்ணப் போறா. நல்லாப் பண்ணுவா. ஆலைக்கே போய், முன்னப் பின்ன தெரியாத ஆளுங்கள வச்சுப் பாக்கப்போறாளாம். தான் பின்னாடி ஒளிஞ்சிக்கிட்டு."

"ஆலை என்ன சொல்லுச்சு?"

"யோசிச்சுச் சொல்றேன்னாங்களாம்."

அந்த யோசனை முடிகிறவரை அந்த வீட்டில் யாரும் ஓர் இடத்தில் உட்காரவில்லை. அவன் மூட்டை பிரித்துவிட்டு வந்து முதலில் குளித்தான், பிறகு பால்கனியில் நின்று ஆலைப் புகைபோக்கி இருக்கிற திசையைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே துடைத்த மேஜையைத் துடைத்தாள். எனக்கும் மிஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. ஆனால் ஒன்று நின்றுபோனது. காலையில் அவன் படி இறங்கினால் இறங்கினதுதான். திரும்ப ஏறி வரவில்லை.

மாதம் முடியப் போகிற நேரத்தில் பதில் வந்தது. பரீட்சை ரத்து, எல்லோரும் திரும்ப எழுத வேண்டும். எழுதின அன்று அவன் வந்து ஒன்றும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அழுத்திட்டேன்க்கா. இப்ப பச்சையா இருக்கு. நேரம் முடியப்போவுது, இன்னும் குடுக்கலன்னு அதுவே வேற சொல்லுது" என்றான். ஐஸ்க்ரீம் வாங்கி வரவில்லை. அதுவே எனக்குப் பாதி நம்பிக்கை கொடுத்தது.

இரண்டு நாள் கழித்து நான் துணி எடுக்க மாடிக்குப் போனேன். காற்று அப்படியேதான் அடித்துக்கொண்டிருந்தது. கொடியில் அவன் சட்டை படபடத்தது. பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகில் வெள்ளைக் கோடு, வளைந்து வளைந்து, தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் ஓடியது.

நான் படியிறங்கி நேரே அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டேன். மூன்று தட்டு வைத்தாள். சோறு, கிழங்கு, வேகவைத்த முட்டை. உருளைக்காரியும் உருளைக்கே போய்விட்டாள் என்று அவன் சொன்னான். அவன் பெண்டாட்டி காதில் இன்னும் தோடு போடவில்லை. புது மேஜை கழிப்பறைக்குப் போகிற வழியில் இருப்பதால் வருகிறவர் போகிறவர் எல்லாம் முதுகில் இடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே பரிமாறினாள். அவன் பாய்லரைத் திரும்பப் பிடித்ததற்கு அவள் கொடுத்த விலை அது.

அவன் ஒரு வாய் சாப்பிட்டான்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டாள், பழக்கத்தில்.

அவன் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். அதுவும் பழக்கத்தில்தான்.

அவள் சட்டென்று தனக்கு வைத்திருந்த வெறும் எவர்சில்வர் தட்டை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லுங்க."

அவன் மென்றான். தட்டைப் பார்த்தான். அதில் அவன் முகம்தான் தெரிந்திருக்கும். என்னைப் பார்த்தான். நான் உடனே குனிந்து முட்டையைப் பார்த்தேன்.

"உப்பு கம்மி" என்றான்.

தட்டு அசையவில்லை.

"எத்தன நாளா?"

நாள் முழுக்க உப்பையெல்லாம் சட்டையில் விட்டுவிட்டு வருகிற மனுஷன் வாயிலிருந்ததை மெதுவாக விழுங்கினான்.

"கல்யாணம் ஆனதுலேர்ந்து."

தட்டு லேசாக ஆட ஆரம்பித்தது. அதற்குப் பின்னால் அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. நான் எழுந்துபோய் உப்பு ஜாடியை எடுத்துவந்து மேஜை நடுவில் வைத்தேன்.